புயலுக்கு முன் வீட்டில் தண்ணீர்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் இருந்தது; மேல்நிலைத் தொட்டியும் இருந்தது. மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத்தான் பல ஊர்களில் தொட்டியை நிரப்பினார்கள்.

மழைக் காலத்தில் தண்ணீரைச் சேமிப்பதா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். வாசலில் வெள்ளம் நிற்கும் நாளில்தான் குடிநீருக்குத் தட்டுப்பாடு. ஐப்பசி பிறக்கும் முன்பே இதற்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கிடலாம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர்; 15 லிட்டர் பிடிக்கும் குடமானால் நான்கு குடம். கைகால் அலம்ப, பாத்திரம் துலக்க என்று சேர்த்தால் ஆளுக்கு 15 லிட்டர் ஆகும். அப்போது 200 லிட்டர் பீப்பாய் ஒன்றும் இரண்டு குடமும் வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டார் இன்னும் இரண்டு குடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பலர் மறந்துவிடுவது மாட்டை. கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டராவது வேண்டும். இரண்டு மாடு உள்ள வீட்டில் மனிதரைவிடக் கொட்டிலுக்கே அதிகத் தண்ணீர் தேவை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே, மின்சாரம் இருக்கும்போதே, கொட்டில் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும்.

பாத்திரம் எதுவானாலும் மூடி இருக்க வேண்டும். வெள்ளம் ஏறாத உயரத்தில் வைத்து, கைபடாமல் நீண்ட காம்புள்ள அகப்பையால் மொள்ள வேண்டும். பூச்சி மருந்து வந்த டின்னையோ பீப்பாயையோ, எத்தனை முறை கழுவினாலும், தண்ணீருக்கு எடுக்கவே கூடாது, மாட்டுக்கும் கூடாது. மலிவாக வரும் பழைய பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்பது பல சமயம் விற்பவருக்கே தெரியாது.

கலங்கல் நீரானால் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளிய வைக்கலாம். இதனால் சேறு படியுமே தவிர, நோய்க்கிருமி சாகாது. தெளிந்த நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே சிறந்தது. விறகு நனைந்துவிட்டால் பிளீச்சிங் பவுடர் உதவும். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 4 கிராம், எடுத்து ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளிய விட வேண்டும். இந்தத் தெளிவில் 200 மில்லி, ஒரு பீப்பாய்த் தண்ணீருக்குப் போதும். அரை மணி கழித்துக் குடிக்கலாம். காற்றுப்பட்டு நமத்துப்போன பவுடருக்கு வீரியம் இராது. புதிதாக வாங்கி இறுக மூடி வைக்க வேண்டும்.

சேமித்த நீரை வாரத்துக்கு ஒரு முறை மாற்றி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே கொட்டி நிரப்பினால், விளிம்பில் ஒட்டியிருக்கும் டெங்கு கொசுவின் முட்டை போகாது. கொட்டுகிற தண்ணீர் கீரைப் பாத்திக்கு ஆகும்.

திறந்த கிணறு உள்ளவர்கள் ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டு, வாளியையும் கயிற்றையும் இப்போதே சரிபார்க்கலாம். மோட்டார் வந்தபின் கிணற்றுக் கயிறு மாடு கட்டப் போய்விட்ட வீடுகள் உண்டு.