உங்களுக்குத் தெரியுமா? காலைக் காக்கும் தையல்! கிட்னியைக் காக்கும் தையல்!

1894. பிரான்ஸ் ஜனாதிபதி சாதி கார்னோவை லியோன் நகரில் ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை அறுந்தது. அதைத் தைக்க வழி தெரியாமல் டாக்டர்கள் கையைப் பிசைந்தார்கள். நாட்டின் ஜனாதிபதியே இறந்துபோனார்!

அந்த மரணம் ஓர் இளைஞரை உசுப்பிவிட்டது. பெயர் அலெக்சிஸ் காரெல். ரத்தக் குழாயைத் தைக்கும் வித்தையை அவர் எங்கே கற்றார் தெரியுமா? துணியில் பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம்! அந்த ஊசிப் பழக்கம் 1912-ல் நோபல் பரிசையே வாங்கித் தந்தது!

வட்டமான குழாயைத் தைப்பது கஷ்டம். காரெல் என்ன செய்தார்? விளிம்பில் மூன்று தையல் போட்டு மூன்று பக்கமும் இழுத்தார். வட்டம் முக்கோணமானது! அப்புறம் நேர்க்கோட்டுத் தையல்தான். 1902-ல் வெளியான உத்தி. நூறு ஆண்டு தாண்டியும் சர்ஜன்கள் படிக்கிறார்கள்!

காரெலின் ஆசிரியர் மாத்தியூ ஜபூலே இன்னும் துணிச்சல்காரர். 1906-ல் ஒரு பெண்ணின் முழங்கை ரத்தக் குழாயில் கிட்னியைப் பொருத்தினார். யாருடைய கிட்னி? ஒரு பன்றியுடையது!

1954, டிசம்பர் 23. பாஸ்டன் நகரம். ஒரு சகோதரருக்கு இன்னொரு சகோதரர் கிட்னி கொடுத்தார். இருவரும் ஒரே ஜாடை, இரட்டையர்! அச்சு அசல் இரட்டையர்தானா என்று உறுதி செய்ய டாக்டர்கள் எங்கே அனுப்பினார்கள்? போலீஸ் ஸ்டேஷனுக்கு, கைரேகை எடுக்க! வென்ற சர்ஜன் ஜோசப் மர்ரேவுக்கு 1990-ல் நோபல்!

கிட்னி மாற்று என்றால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் இல்லை! பழைய இரண்டும் அப்படியே இருக்கும். புதியது அடிவயிற்றில் உட்காரும். காலுக்குப் போகும் தமனியிலிருந்துதான் அதற்கு ரத்தம்! ஆக மொத்தம் அந்த உடம்பில் கிட்னிகள் 3!

பொருத்திய உறுப்பை உடம்பு விரட்டாமல் காக்கும் மருந்து சைக்ளோஸ்போரின். அது கிடைத்தது எதில்? நார்வே நாட்டு மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையில்! அதே வேலை செய்யும் சிரோலிமஸ், ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்தது. டாக்ரோலிமஸ், ஜப்பான் மண். மூன்று மருந்து, மூன்று பிடி மண்!

உறுப்புகளுக்கும் கெடு உண்டு. ஐஸில் வைத்த இதயம் சுமார் 4 மணி நேரம் தாங்கும். கல்லீரல் சுமார் 12. கிட்னி 24-ஐத் தாண்டியும் தாக்குப் பிடிக்கும். திடீரென்று ரத்தம் நின்றுபோன கால்? சுமார் 6 மணி நேரம்தான்!

பைபாஸ் என்றாலே நெஞ்சு என்று நினைப்பவரா நீங்கள்? காலுக்கும் உண்டு! பாரிஸில் சர்ஜன் ழான் குன்லின் 1948, ஜூன் 3-ல் செய்து காட்டினார். அடைபட்ட தமனிக்கு மாற்றுப் பாதையாக நோயாளியின் கால் சிரையையே வைத்துத் தைத்தார். ஒரே ஒரு சூட்சுமம். சிரையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்! இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மறித்துவிடும்!

சொந்தச் சிரை சரியில்லையா? 1970-களில் அமெரிக்காவின் டார்டிக் சகோதரர்கள் வேறொன்றைக் கையில் எடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு தூக்கி எறியும் தொப்புள்கொடி! அதிலிருக்கும் சிரையைப் பதப்படுத்தி முதியவர்களின் காலில் பொருத்தினார்கள்!

சர்ஜன் ஆர்தர் வூர்ஹீஸ் நாய்க்கு வைத்த முதல் செயற்கை ரத்தக் குழாய் எதில் தைத்தது? பட்டுக் கைக்குட்டையில்!

இன்னொரு சர்ஜன் மைக்கேல் டிபேக்கி, ரத்தக் குழாய் செய்யக் கடைக்குப் போய் நைலான் துணி கேட்டார். தீர்ந்துவிட்டது. டேக்ரான் கொடுத்தார்கள். மனைவியின் தையல் மெஷினில் அவரே குழாய் தைத்தார்! பிற்பாடு அவருடைய பெருந்தமனியே கிழிந்தபோது, 2006-ல் காப்பாற்றியது அவரே கண்டுபிடித்த ஆபரேஷன். அப்போது அவர் வயது 97!

டாக்டர் தாமஸ் ஃபோகார்ட்டி ரப்பர் கையுறையின் விரல் நுனியை வெட்டினார். மெல்லிய குழாயில் கட்டினார். தூண்டில் கட்டும் முடிச்சில்! ரத்தக் கட்டியை இழுத்து வெளியேற்றும் பலூன் தயார்! 1960-களில் வந்தது. இன்றும் கால்களைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது!

1964. அமெரிக்காவின் போர்ட்லேண்ட். 82 வயதுப் பாட்டியின் பாதம் அழுகத் தொடங்கிவிட்டது. காலை எடுக்கச் சம்மதிக்கவே மாட்டேன் என்றார் பாட்டி. டாக்டர் சார்லஸ் டாட்டர் கத்தியே வைக்காமல், குழாயை நுழைத்து அடைப்பை விரித்தார். சாகும்வரை அந்தப் பாட்டி சொந்தக் காலில்தான் நடந்தார்!

இரண்டாம் உலகப் போரில் தமனி அறுந்தால் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டியவர்களில் 49 சதவீதம் பேர் கை கால் இழந்தார்கள். கொரியப் போரில் கட்டாமல் தைத்தார்கள். இழப்பு எவ்வளவு தெரியுமா? வெறும் 13 சதவீதம்!

ஒட்டவைத்த விரலில் ரத்தம் தேங்கினால் அதை உறிஞ்ச யாரைக் கூப்பிடுவார்கள்? அட்டைப் பூச்சியை! அமெரிக்க அரசு 2004-ல் அட்டையை மருத்துவக் கருவியாகவே அங்கீகரித்துவிட்டது!

2013, சீனாவின் சாங்ஷா நகரம். ஒருவரின் துண்டான கையை உடனே பொருத்த முடியவில்லை. டாக்டர்கள் அதை எங்கே வைத்துக் காப்பாற்றினார்கள்? அவருடைய கணுக்காலில்! ஒரு மாதம் அங்கேயே உயிரோடு இருந்தது. பிறகு மணிக்கட்டுக்கே திரும்பியது!

நம் ஊர் மட்டும் சும்மாவா! வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே கிட்னி மாற்று வெற்றி. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல், இரு கைகளையும் இழந்தவருக்கு இரண்டு கைகளும் பொருத்தப்பட்டன. அதுவும் அரசு மருத்துவமனையில்!

கால் அடைப்புக்கு பைபாஸா, பலூனை நுழைத்து விரிப்பதா? 2022-ல் வெளியான ஆய்வில் 1,830 நோயாளிகள், 150 மையங்கள்! நல்ல சிரை இருந்தவர்களுக்கு பைபாஸ் வென்றது. 2023-ல் பிரிட்டன் தலைமையிலான ஆய்வு முழங்காலுக்குக் கீழ் அடைப்பைப் பார்த்தது. அங்கே முந்தியது பலூன்! போட்டி இன்னும் முடியவில்லை!

2024 டிசம்பரில் வந்த செய்தி. மனித செல்களை வைத்து ஆய்வகத்தில் வளர்த்த ரத்தக் குழாய்க்கு அமெரிக்கா அனுமதி தந்துவிட்டது. எதற்கு? விபத்திலும் போரிலும் தமனி அறுந்த கை கால்களைக் காப்பாற்ற! அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே தைக்கலாம்!

தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு 2023 முதல் அரசு மரியாதையோடு நடக்கிறது. அமைச்சருக்குக் கிடைக்கும் மரியாதை இது, சாதாரண மனிதருக்கும்!

கடைசியாக உங்களுக்கு இரண்டே வேண்டுகோள். உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யுங்கள், வீட்டிலும் சொல்லிவையுங்கள். ஆறாத புண்ணுக்காக யாராவது காலை எடுக்கச் சொன்னால், ரத்தக் குழாய் அறுவை சிகிச்சை நிபுணரிடம் உடனே காட்டுங்கள். ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்!