முன்னோட்டத்தின் பற்கள்

திரைப்பட முன்னோட்டம் என்பது முடிந்த படத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு என்றே நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பிலிம் சுருளின் காலத்தில் இது பெருமளவுக்கு உண்மை. கணினி வரைகலையின் காலத்தில் அப்படியல்ல. முன்னோட்டம் வெளியாகும் நாளில் படம் என்ற ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. நடிகர்கள் பச்சைத்திரைக்கு முன்னால் நின்று வெறுமையைப் பார்த்துப் பேசி முடித்திருப்பார்கள். அந்த வெறுமையை நிரப்ப வேண்டியவர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பார்கள். விளம்பரப் பிரிவு தனக்கு வேண்டிய சில காட்சித்துண்டுகளைத் தெரிவுசெய்து, இவற்றை முதலில் முடித்துத் தாருங்கள் என்று கேட்கும். ஆகவே நாம் காண்பது அவசரத்தில் முந்திப் பிறந்த சில விநாடிகளை. அதே துண்டு இறுதிப் படத்தில் வேறு ஒளியோடும் வேறு நிழலோடும் வரலாம். வராமலும் போகலாம்.

சில வேளைகளில் இவ்வேறுபாடு திட்டமிட்டே செய்யப்படுகிறது. 2017 நவம்பரில் வெளியான 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிற்றி வோர்' முன்னோட்டத்தில் மற்ற வீரர்களோடு ஹல்க்கும் ஓடி வருகிறான். 2018இல் வந்த படத்தில் அந்தப் போர்க்களத்தில் ஹல்க்கே இல்லை. கதையை ஒளிப்பதற்காகச் சொன்ன பொய் அது. பொய்க்கும் யாரோ ஒருவர் இரவிருந்து தசைகளை அசைக்க வேண்டியிருந்தது என்பதை நாம் யோசிப்பதில்லை.

நான் பேச விரும்புவது 'சொனிக்' பற்றி. 2019 ஏப்ரல் 30ந் திகதி வந்த முன்னோட்டத்தில் அந்த நீல நிற முள்ளெலிக்கு மனிதப் பற்கள் இருந்தன. சிறுவயதில் வீடியோ விளையாட்டில் அதனோடு வளர்ந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டு நாட்களில் இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் உருவத்தை மாற்றுவதாக அறிவித்தார். நவம்பரில் வரவிருந்த படம் 2020 பெப்ரவரி 14க்குத் தள்ளிப்போனது. பெரிய கண்களும் சிறிய பற்களுமாக வந்த புதிய சொனிக்கை எல்லோரும் கொண்டாடினார்கள். படம் உலகெங்கும் 30 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது.

இதை ஒரு ஜனநாயக வெற்றி என்கிறார் நண்பர் ஒருவர். நுகர்வோன் முதன்முறையாக உற்பத்தியில் தலையிட்டுவிட்டான் என்பது அவர் வாதம். கவர்ச்சியான வாதந்தான். ஆனால் உருவத்தை மாற்றுவது சட்டையை மாற்றுவது போன்றதல்ல. முகம் மாறினால் அதனுள் இருக்கும் எலும்புக்கட்டமைப்பு மாறும். அசைவுகளை மீண்டும் அமைக்க வேண்டும். மயிர், ஒளி, நிழல், தரையில் பதியும் பாதம், எதிரே நிற்கும் நடிகரின் பார்வை விழும் இடம், எல்லாவற்றையும் ஒவ்வொரு காட்சித்துண்டாகத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் முக்கிய பங்கு வகித்த மூவிங் பிக்சர் கம்பனி, படம் வெளியாவதற்கு முன்பே, 2019 டிசம்பரில் தனது வன்கூவர் கலையகத்தை மூடிவிட்டது. உருமாற்றந்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வன்கூவரின் சந்தை நெருக்கடியையும் வேறு நகரங்களின் வாய்ப்புகளையுமே நிறுவனம் காரணம் காட்டியது. அதாவது, எந்த அரசு கூடிய வரிச்சலுகை தருகிறதோ அந்த நாட்டுக்கு வேலை பெயரும். தொழிலாளி பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் போக வேண்டும். (பெட்டி கட்டுவது பற்றி நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.) நம் நண்பரின் ஜனநாயகத்தில் இவர்களுக்கு வாக்கு இல்லை.

இத்துறையில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே நிர்ணயித்த தொகைக்கே எழுதப்படுகின்றன. பத்துத்தடவை மாற்றச் சொன்னாலும் அந்தச் சுமையின் பெரும்பங்கு கலையகத்தின் தலையில்தான். பொண்டிச்சேரிப் பையனும் புலியும் வரும் 'லைஃப் ஒஃப் பை'க்காக 2013 பெப்ரவரியில் ஒஸ்கார் வென்றவர்கள் ரிதம் அண்ட் ஹியூஸ் கலையகத்தினர். அந்த மாதமே அது வங்குரோத்து நிலைக்குப் போயிருந்தது. மண்டபத்துக்கு வெளியே இத்துறைத் தொழிலாளர் ஊர்வலம் போனார்கள். உள்ளே, விருது பெற்றவர் அதைப்பற்றி வாய் திறந்தபோது 'ஜோஸ்' படத்தின் சுறா இசையை ஒலிக்கவிட்டு ஒலிவாங்கியை நிறுத்தினார்கள்.

முடிந்த படம் என்ற எண்ணமும் இப்போது ஆட்டங்காண்கிறது. 2019 டிசம்பரில் 'கட்ஸ்' திரையரங்குக்கு வந்தபோது, பூனை வேடமிட்ட நடிகை ஜூடி டென்ச்சின் மனிதக்கை மோதிரத்தோடு அப்படியே தெரிந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திய பிரதியைத் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். முதல்நாள் பார்த்தவர்கள் பணங்கொடுத்துப் பார்த்தது ஒரு நீண்ட முன்னோட்டத்தை என்றும் சொல்லலாம். முன்னோட்டத்தைச் சோதனைக்களமாகவும் இரசிகனைச் சம்பளமில்லாத பரிசோதகனாகவும் தயாரிப்பாளர்கள் பாவிக்கத் தொடங்கினால், திருத்தச் செலவு யார் தலையில் விழும் என்பதே என் கேள்வி.

2023 செப்டெம்பரில் மார்வல் நிறுவனத்தின் நேரடி ஊழியரான காட்சி விளைவுக் கலைஞர்கள் தொழிற்சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். ஆனால் இவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்வோர் ஒப்பந்தக் கலையகங்களில் இருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில், மூவிங் பிக்சர் கம்பனியின் உரிமையாளரான ரெக்னிகலர் குழுமம் சரிந்தபோது லண்டனிலிருந்து பெங்களூர் வரை வேலையிழந்தவர்கள் அவர்களே.