கோபம் வருகிற வழியைக் கவனியுங்கள்



இந்தத் தடவை மருந்து மாத்திரையைப் பற்றி எழுதவில்லை. கோபத்தைப் பற்றி எழுதுகிறேன். “அதுக்கும் ஒடம்புக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போகிறீர்கள். பத்து மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. நிறுவையில் எடை குறைகிறது. மண்டோர் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். பிள்ளை ஓடி வந்து, “அப்பா, பள்ளிக்கூடத்துக்குப் பத்து வெள்ளி வேணும்” என்கிறது. பளார் என்று ஓர் அறை! மண்டோருக்குப் போக வேண்டியது பிள்ளையின் கன்னத்துக்குப் போய்விட்டது. இதில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. ஜொகூர் பாரு பக்கத்துக் குடும்பங்களில் இன்னொரு வகையும் உண்டு. மகன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். பாலத்து நெரிசலில் நின்ற எரிச்சலை ராத்திரி சோறு போடுகிற தாயிடம் காட்டுகிறான்.

கோபம் வந்தால் உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்ற நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,623 பேரை விசாரித்து 1995-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கடுங்கோபம் வந்த பின் 2 மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் ஆபத்து, மற்ற நேரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாம். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை இன்னொரு முறை படியுங்கள்.

சரி, என்ன செய்வது? “கோபப்படாதே” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சென்னைக்கு அருகே கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, அதற்கு ஒரு பயிற்சியே கொடுத்தார். தறியில் உட்கார்ந்து பிழைத்த மனிதர், 2006-இல் காலமானார். அவருடைய தியான வழி அவரவர் விருப்பம், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். ‘அகத்தாய்வு’ என்று அவர் சொன்ன தன்னைத்தானே சோதித்துப் பார்க்கிற முறையை எந்த மதத்தாரும் செய்யலாம். யார் யார் மேல் கோபம் வருகிறது, எதனால் வருகிறது என்று ஒரு தாளில் பட்டியல் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். நமக்குச் சோறு போடுகிறவர்களும் நம்மை நம்பி இருக்கிறவர்களும்தான் அதில் முதலில் வருவார்கள்.

அதோடு நான் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, கோபம் வந்த நேரத்தையும் எழுதுங்கள். சாப்பிட்டிருந்தீர்களா, ராத்திரி தூங்கினீர்களா, தண்ணீர் குடித்தீர்களா என்றும் எழுதுங்கள். எழுத வராதவர்கள் மகளிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். ஒரு வாரம் போனதும் புரட்டிப் பாருங்கள். சிலருக்குத் தினமும் ஒரே நேரத்தில் வந்திருக்கும், வேலை விட்டு வந்து சோற்றில் கை வைப்பதற்கு முன்னால். அவருக்கு வேண்டியது உபதேசம் இல்லை, வேலைக்காட்டில் பத்து மணிக்கு இரண்டு ரொட்டியும் தண்ணீரும்.

கோபம் வாய்க்கு வருமுன் உடம்பில் எங்காவது அடையாளம் காட்டும். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் கை மூடிக்கொள்ளும். எனக்குக் காது சுடும். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது, போங்கள்! அந்த அடையாளம் தெரிந்த உடனே பேச்சை நிறுத்துங்கள். “பத்து நிமிஷத்தில வர்றேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போய் முகம் கழுவுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். சம்சுக் கடைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். சாராயம் முதலில் மழுங்கடிப்பது நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிற அந்த அறிவைத்தான்.

“அப்படின்னா மண்டோர் சொன்னதை முழுங்கிக்கணுமா?” என்று யாராவது கேட்பீர்கள். இல்லவே இல்லை! எடை குறைந்தது உண்மையானால், தேதி, எடை, யார் நிறுத்தார்கள் என்ற விவரத்தை அதே நோட்டில் எழுதி, கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். பெரட்டில் கத்தினால் மண்டோர் உங்கள் கத்தலைப் பற்றித்தான் ரிப்போர்ட் எழுதுவார், எடையைப் பற்றி எழுத மாட்டார்.

இவ்வளவு செய்தும் கை ஓங்குவது நிற்கவில்லையென்றால் அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் அடி வாங்குகிற தாய்மார்கள் அவர் திருந்தும் வரை காத்திருக்க வேண்டாம். 15999 என்ற தாலியான் காசே எண் 24 மணி நேரமும் திறந்திருக்கிறது.