நீ மட்டும் ஏன் திரும்பி வந்தாய்?

கோடு போட்டு வாழ்ந்தவர்கள் – 9

1944. நியூ பிரிட்டன் தீவு. இன்று பப்புவா நியூ கினியாவில் இருக்கும் இந்தத் தீவு, அன்று ஜப்பானிய ராணுவத்தின் கையில் இருந்தது. பாயென் என்ற கடலோரக் காவல் முனையில் பத்துப் பேர் கொண்ட சிறு குழு. விடியற்காலைக் காவல் முறை 22 வயதுச் சிப்பாய் ஒருவனுடையது. கடலைக் கண்காணிக்கக் கொடுத்த தொலைநோக்கியை அவன் மரங்கள் பக்கம் திருப்பியிருந்தான். கிளைகளில் வண்ண வண்ணமாகக் கிளிகள். அவற்றில் லயித்து நின்றதில், தோழர்களைப் போய் எழுப்ப வேண்டிய நேரம் தப்பிவிட்டது. அடடா என்று திரும்பியபோது குடிசைப் பக்கமிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

அவன் ஓடினான். கடலில் குதித்து நீந்தினான். கரையேறிக் காட்டுக்குள் புகுந்தான். இடுப்பில் கோவணம் மட்டும். முள்ளும் கொசுவும் தின்றது போக மிச்சமிருந்த உடம்போடு பல நாள் கழித்துத் தன் படை முகாமுக்கு வந்து சேர்ந்தான். உயிரோடு வந்தாயே என்று யாராவது தண்ணீர் கொடுப்பார்கள் என்று நினைத்திருப்பான். மேலதிகாரி கேட்டது வேறு. எல்லோரும் செத்தபோது நீ மட்டும் ஏன் தப்பி வந்தாய்? நீயும் செத்திருக்க வேண்டாமா?

அந்தச் சிப்பாயின் பெயர் முரா ஷிகெரு. பிற்காலத்தில் ஷிகெரு மிசுகி என்ற பெயரில் ஜப்பானின் எல்லாப் பேய்களையும் பிசாசுகளையும் வரைந்து வைத்தவர். பேய்க்கதை வரைந்தே புகழ்பெற்ற அவருக்குக் கடைசி வரை பேயிடம் பயமே கிடையாது. அவர் பயந்தது அன்று முகாமில் கேட்ட அந்தக் கேள்விக்குத்தான்.

மிசுகி 1922 மார்ச் 8 அன்று ஒசாகாவில் பிறந்தார். வளர்ந்தது தொத்தோரி மாவட்டத்தின் சகாயிமினாதோ என்ற மீன்பிடித் துறைமுக ஊரில். சின்ன வயதில் தன் பெயரை 'ஷிகெரு' என்று சொல்ல வராது, 'கெகெரு' என்றுதான் வரும். அதனால் 'கெகெ' என்பதே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு ஒரு கிழவி வந்துபோவாள். சாமிக்குப் பூசை செய்து பிழைத்தவரின் மனைவி. சாமி காரியம் பார்ப்பவர்களை அந்தப் பக்கம் 'நோன்னோன்' என்பார்கள். 'பா' என்றால் கிழவி. நோன்னோன்பாவுக்குச் சொத்து எதுவும் கிடையாது. கதை மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது. மச்சில் கறை படிந்திருக்கிறதா, ராத்திரி ஒரு பூதம் வந்து நாக்கால் நக்கிவிட்டுப் போயிருக்கிறது. இருட்டுப் பாதையில் பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா, அது 'பெதோபெதோ சான்'. ஓடத் தேவையில்லை, ஓரமாக ஒதுங்கி, நீங்கள் முன்னால் போங்கள் என்று மரியாதையாகச் சொன்னால் போய்விடும். பேய்க்கும் ஒரு 'சான்' போட்டு, 'ங்க' போட்டுப் பேசக் கற்றுக்கொடுத்தவள் அவள். உள்ளூர் ஷோஃபுகுஜி கோயிலில் இருந்த நரகத்தின் ஓவியத்துக்கு முன்னால் பையனை நிறுத்தி விளக்கம் சொன்னதும் அவள்தான். மிசுகியின் முதல் பள்ளிக்கூடம் அதுதான் என்று சொல்லிவிடலாம்.

நிஜப் பள்ளிக்கூடத்துக்கு அவர் நேரத்துக்குப் போனதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, இரண்டாவது பாடவேளைக்குத்தான் போவார். ஒரு தொழிற்பள்ளியில் 50 இடங்களுக்கு 51 பேர் தேர்வு எழுத, தேறாத அந்த ஒருவர் தான்தான் என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

ராணுவத்துக்கு அழைப்பு வந்ததும் பியூகிள் ஊதும் வேலையில் போட்டார்கள். ஊத வரவில்லை. வேறு வேலை கொடுங்கள் என்று நச்சரித்தார். தெற்கே போகிறாயா, வடக்கே போகிறாயா என்று அதிகாரி கேட்டார். குளிர் ஆகாது, தெற்கே என்றார் மிசுகி. உள்நாட்டில் எங்கோ தெற்கே என்பது அவர் நினைப்பு. கப்பல் கொண்டுபோய் இறக்கியது நியூ பிரிட்டன் தீவின் ராபவுலில்.

பாயெனிலிருந்து தப்பி வந்தவரை மலேரியா பிடித்தது. காய்ச்சலில் படுத்திருக்கும்போது விமானத் தாக்குதல்; குண்டுச் சிதறல் இடது கையைச் சிதைத்தது. ராணுவ மருத்துவர் மயக்க மருந்து இல்லாமலே கையை வெட்டி எடுத்தார். புண் ஆற ஆற அதிலிருந்து பச்சைக் குழந்தையின் வாசனை வந்தது என்று மிசுகி எழுதியிருக்கிறார். உடம்பு தன்னைப் புதிதாகப் பெற்றுக்கொள்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவர் வாழ்வின் அதிசயம். முகாமுக்குப் பக்கத்தில் தோலாய் மக்களின் கிராமம். ஒற்றைக் கைச் சிப்பாய் முகாமில் சொல்லாமல் நழுவி அங்கே போய் உட்காருவார். அவர்கள் பழமும் கிழங்கும் கொடுத்தார்கள், 'பவுலோ' என்று பெயர் வைத்தார்கள், பயிர் செய்துகொள் என்று கொஞ்சம் நிலமும் ஒதுக்கினார்கள். வேலை கொஞ்சம், சாப்பாடு, பாட்டு, தூக்கம். சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். போர் முடிந்ததும் ஊருக்குப் போகமாட்டேன், இங்கேயே இருக்கிறேன் என்றார். பெற்றவர்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து முடிவு செய் என்று ஒரு ராணுவ மருத்துவர்தான் சமாதானம் சொல்லிக் கப்பல் ஏற்றினார். ஏழு வருடத்தில் வருகிறேன் என்று கிராமத்தாரிடம் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அத்தனை காலம் கழித்துப் போனபோதும் அவர்களுக்கு பவுலோவை நினைவிருந்தது.

ஏன் அவ்வளவு காலம்? வறுமை.

தோற்றுப்போன ஜப்பானில் ஒற்றைக் கைக்காரருக்கு என்ன வேலை கிடைக்கும்? ஓவியப் பள்ளியில் சேர்ந்து பாதியில் விட்டார். மீன் விற்றார். சைக்கிள் ரிக்‌ஷாவை வாடகைக்கு விட்டார். கடன் பட்டு கோபே நகரில் பழைய வீடு ஒன்றை வாங்கி அறை அறையாக வாடகைக்கு விட்டார். மிசுகி தெருவில் இருந்ததால் அந்த வீட்டுக்கு 'மிசுகி இல்லம்' என்று பெயர். குடியிருக்க வந்தவர் மூலம் காமிஷிபாய் தொழில் அறிமுகமானது. மரச்சட்டத்துக்குள் ஓவிய அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, தெருமுனையில் சிறுவர்களுக்குக் கதை சொல்லி, மிட்டாய் விற்றுப் பிழைக்கும் வித்தை அது. மிசுகி அட்டைகள் வரைந்து கொடுத்தார். கதைசொல்லி ஒருவருக்கு 'முரா' என்ற பெயர் வாயில் தங்கவில்லை. மிசுகி இல்லத்துக்காரர்தானே என்று 'மிசுகி சான்' என்றே கூப்பிட்டார். வீட்டின் பெயர் ஆளின் பெயரானது. பிறகு வீடு கைமாறிப் போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தொலைக்காட்சி வந்து காமிஷிபாயைத் தின்றது. தோக்கியோவுக்குப் போய், வாடகைப் புத்தகக் கடைகளுக்கான மங்கா என்னும் சித்திரக்கதைகளை வரையத் தொடங்கினார். சிறுவர்கள் சில்லறை கொடுத்து எடுத்துப் படித்துத் திருப்பித் தரும் மலிவுப் புத்தகங்கள். பதிப்பாளர்கள் இன்று கடை திறப்பார்கள், நாளை மூடுவார்கள். கைப்பிரதியை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் காணாமல் போவார்கள். இடது தோளால் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் இரவு பகலாக வரைந்தார்.

இந்த நிலையில்தான் 1961 ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 38 வயது, பெண் நுனோயேவுக்கு 29. பெண் பார்த்து ஐந்தாம் நாள் திருமணம் முடிந்தது. தோக்கியோ புறநகரான சோஃபுவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டில் இருப்பது அடகுச் சீட்டுகள் மட்டும் என்று நுனோயேவுக்குத் தெரிந்தது. கறுத்துப்போன வாழைப்பழம் மலிவாகக் கிடைக்கும் நாள் அந்த வீட்டில் விருந்து நாள். படத்தின் பின்னணியில் பொடிப்பொடியாகப் புள்ளி வைக்கும் வேலையை நுனோயே ஏற்றுக்கொண்டார். மிசுகியின் காடுகளிலும் கல்லறைகளிலும் கவிந்திருக்கும் அந்த இருட்டு, புள்ளி புள்ளியாகக் கையால் வைத்தது. அந்த இருட்டில் மனைவியின் கைக்கும் பங்குண்டு.

ஒருநாள் வருமான வரி அதிகாரிகள் வீடு தேடி வந்தார்கள். இவ்வளவு குறைந்த வருமானத்தில் ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும், கணக்கை மறைக்கிறீர்களா என்று கேட்டார்கள். மிசுகி எழுந்து போய் அடகுச் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். வந்தவர்கள் பேசாமல் போய்விட்டார்கள்.

விடிந்தது 1965ல். கோதன்ஷா நிறுவனத்தின் சிறுவர் இதழில் 'தெரெபி-குன்' என்ற கதை வெளிவந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் போய் வரக்கூடிய ஒரு பையனின் கதை. அதற்கு விருது கிடைத்தபோது மிசுகிக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதே ஆண்டு, வாடகைப் புத்தகக் காலத்திலேயே வரைந்த 'கல்லறைக் கிதாரோ' ஷோனென் மேகஸின் வார இதழுக்குள் நுழைந்தான்.

கிதாரோ ஒற்றைக் கண் பையன். பிசாசுக் குலத்தின் கடைசிப் பிள்ளை, செத்த தாயின் கல்லறையிலிருந்து பிறந்து வருகிறான். நோயில் அழுகிக் கரைந்த தகப்பனின் உடம்பில் ஒரு கண் மட்டும் அழியவில்லை. பிள்ளையைத் தனியே விட்டுப்போக மனம் வராமல், அந்தக் கண்ணுக்குக் கைகால் முளைத்து, மகனின் தலைமுடிக்குள் குடியிருக்கிறது. தேநீர்க் கிண்ணத்து வெந்நீரில் சுகமாகக் குளிக்கிறது. மனிதர்களுக்கும் பூதங்களுக்கும் சண்டை வரும்போதெல்லாம் தகப்பனும் மகனும் நடுவில் நிற்கிறார்கள். கூடவே எலி மனிதன் ஒருவன் உண்டு: குளிக்காதவன், காசுக்காக நண்பனையே விற்பவன், அடுத்த வாரம் வெட்கமில்லாமல் திரும்பி வருபவன். மிசுகிக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவன்தான்.

தொலைக்காட்சிக்கு எடுக்கப் போனபோது 'கல்லறை' என்ற சொல் தொந்தரவு கொடுத்தது. விளம்பரதாரர்கள் தயங்கினார்கள். மிசுகி தன் பழைய பட்டப்பெயரை எடுத்துக் கொடுத்தார். 'கெகெகெ நோ கிதாரோ' ஆனது தலைப்பு. 1968 ஜனவரியில் ஒளிபரப்பு தொடங்கியது. முகப்புப் பாடலையும் அவரே எழுதினார். முதல் தொடரையும் சேர்த்து, 2018 வரை ஆறு முறை அதை எடுத்துவிட்டார்கள். நோன்னோன்பா சொன்ன பூதங்கள் ஜப்பானின் ஒவ்வொரு வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தன.

காசு வந்தது. கூடவே மூச்சு முட்டும் வேலையும் வந்தது. ஆனாலும் தூக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். இந்தக் கட்டுரைத் தொடரின் முதல் வாரங்களில் பார்த்த மங்கா ஓவியர்களான தெசுகாவும் இஷினோமோரியும் இத்தனை இரவு தூங்கவில்லை என்று பெருமையாகப் பேசிக்கொள்வதையும், நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று தான் சொன்னதையும் ஒரு சிறு மங்காவாகவே வரைந்திருக்கிறார். அவர்கள் இருவரும் 60 வயதில் இறந்தார்கள்.

தெம்பும் பெயரும் வந்த பிறகுதான் அந்தப் பழைய கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். 1973ல் வெளியான 'சோயின் கியோகுசாய் செயோ'. 'கியோகுசாய்' என்றால் மணி உடைந்து சிதறுவது. ஒருவர் மிச்சமில்லாமல் பாய்ந்து சாவதற்கு ராணுவம் வைத்த அழகான பெயர். நியூ பிரிட்டன் தீவில் ஒரு படைப்பிரிவுக்கு அந்தக் கட்டளை வருகிறது. பாய்ந்தவர்களில் சிலர் சாகாமல் திரும்பி விடுகிறார்கள். எல்லோரும் வீரமரணம் என்று மேலிடத்துக்குச் செய்தி போய்விட்டதே, இப்போது உயிரோடு இருந்தால் எப்படி? மறுபடி போய்ச் சாகச் சொல்கிறார்கள். இதில் தொண்ணூறு விழுக்காடு நிஜம் என்று பின்னுரையில் எழுதினார். நிஜத்தில் எண்பது பேர் வரை பிழைத்தார்கள். அவர் கதையில் எல்லோரும் சாகிறார்கள்.

இந்தப் புத்தகத்தின் பக்கங்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். காடும் கடலும் வானமும் புகைப்படம் போல, இலை இலையாக, புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தக் காட்டில் நிற்கும் சிப்பாய்கள் மட்டும் நாலு கோட்டில் முடியும் கேலிச்சித்திர மூஞ்சிகள். சோறு, பெண், வீடு என்று புலம்பும் அப்பாவிகள். கடைசிப் பக்கங்களில் இது தலைகீழாகிறது. செத்த பிறகு மனிதர்களையும் அவர் அதே நுணுக்கத்தோடு வரைகிறார், எலும்பு எலும்பாக.

போர்க்கதை வரைய உட்கார்ந்தால் காரணம் சொல்ல முடியாத கோபம் பொங்குகிறது, செத்தவர்களின் ஆவிதான் அப்படிச் செய்கிறதோ என்னவோ என்று அந்தப் பின்னுரையில் சொல்கிறார். பேய்களோடு வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் நடத்தியவர், தன்மேல் ஆவி வந்ததாகச் சொன்னது இதற்காகத்தான். நீ மட்டும் ஏன் திரும்பி வந்தாய் என்ற கேள்விக்கு அவர் பதில் இந்தப் புத்தகம்: மற்றவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று சொல்ல ஒருவன் வேண்டாமா?

பிறகு வந்த பெருமைகள் பல. நோன்னோன்பா கிழவியைப் பற்றி அவர் வரைந்த கதை 2007ல் பிரான்சின் ஆங்குலெம் சித்திரக்கதை விழாவில் சிறந்த நூலுக்கான பரிசை வென்றது; ஒரு மங்காவுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. நுனோயே எழுதிய சுயசரிதை 2010ல் என்.எச்.கே. தொலைக்காட்சியில் தொடராக வந்து வீட்டுக்கு வீடு ஓடியது. சகாயிமினாதோ ரயில் நிலையத்திலிருந்து நீளும் தெருவில் இன்று 170க்கும் மேற்பட்ட வெண்கலப் பூதங்கள் நிற்கின்றன. பக்கத்து விமான நிலையத்துக்கே கிதாரோ பெயர்.

'சோயின் கியோகுசாய் செயோ'வில் மிசுகியின் சாயலில் ஒரு சிப்பாய் உண்டு. மாருயாமா என்று பெயர். கடைசிப் பாய்ச்சலில் அவனும் சாகிறான். அவனை வரைந்தவர் வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, 93 வயது வரை இருந்து, 2015 நவம்பர் 30 அன்று இறந்தார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: ஹிரோஷிமாவில் ஒரு பள்ளிச் சுவர் காப்பாற்றிய ஆறு வயதுப் பையன்.