பேசிக்கொண்டே வந்தவருக்கு ஏன் தீவிர சிகிச்சை? தீக்காயம் பற்றிக் குடும்பத்தார் அறிய வேண்டியவை

தீக்காயப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பட்டாசு ஆலையிலிருந்து அவராகவே நடந்து வந்துதான் ஆம்புலன்ஸில் ஏறினார். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். சேர்த்த மறுநாளே உயிருக்கு ஆபத்து என்கிறீர்களே, எப்படி?” இக்கேள்விக்குப் பின்னால் அச்சம் இருக்கிறது. மருத்துவமனையில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதோ என்னும் ஐயமும் இருக்கிறது. இரண்டுமே இயல்பானவை. பெரிய தீக்காயம் பட்டவர் முதல் சில மணி நேரம் தெளிவாகவே இருக்கக்கூடும். ஆபத்து அதன் பிறகே வெளிப்படும். அது எவ்வாறு நிகழ்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் குடும்பத்தார் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இங்கே விளக்குகிறோம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் வாழும் நமக்கு இது ஏட்டளவிலான செய்தி அன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தில் இறந்தோரின் எண்ணிக்கை, மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டிருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக உயிரிழக்க, பின்வந்த நாள்களிலும் கூடிக்கொண்டே சென்றது. தீக்காயம் ஒரு கணத்தில் முடிந்துவிடும் நிகழ்ச்சி அன்று என்பதை அந்நாள்கள் நமக்குக் காட்டின.

தீ அணைந்த பின் உடலுக்குள் நிகழ்வது

தோல் உடலின் நீரைக் காக்கும் வேலி. அது பரந்த அளவில் எரிந்துவிட்டால், நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்து, இரத்தத்திலுள்ள நீரும் உப்பும் புரதமும் திசுக்களுக்குள் கசியத் தொடங்கும். காயம் படாத இடங்களிலும் இக்கசிவு ஏற்படும். ஆகவேதான் வந்தபோது அடையாளம் தெரிந்த முகம், மறுநாள் கண் திறக்க இயலாத அளவுக்கு வீங்கிவிடுகிறது. உடலுக்குள்ளேயே நீர் இருந்தும், இரத்தக் குழாய்களில் அது குறைந்துவிடும். அந்நிலை நீடித்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து, சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பழுதுபடும். முதல் 24 மணி நேரத்திலேயே இது முழு அளவில் நிகழும்.

வலி குறைவாக இருப்பதும் பலரை ஏமாற்றுகிறது. மேலோட்டமான காயம் சிவந்து, கொப்புளம் கட்டி, கடுமையாக வலிக்கும். ஆழ்ந்த காயத்திலோ வலியை உணர்த்தும் நரம்பு முனைகளே கருகிவிடுகின்றன. அவ்விடம் வெளுத்தோ கறுத்தோ, பதனிட்ட தோல்போல் விறைத்துக் காணப்படும். தொட்டாலும் உணர்ச்சி இராது. “வலியே இல்லை” என்று நோயாளி கூறுவது சில வேளைகளில் காயம் மிக ஆழமானது என்பதற்கு அடையாளம்.

மூன்றாவது ஆபத்து மூச்சுப் பாதையில் உள்ளது. மூடிய அறையில் மருந்துக் கலவை பற்றி எரியும்போது, சூடான காற்றையும் புகையையும் சுவாசித்தவரின் தொண்டை உள்ளே வெந்திருக்கும். குரல் கம்முதல், மூக்கு மயிர் கருகியிருத்தல், சளியில் கரி படிந்திருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். தொண்டை வீங்கி அடைபட்ட பின் குழாய் செலுத்துவது மிகவும் கடினம். ஆதலால், நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கும் மருத்துவர் முன்கூட்டியே சுவாசக் குழாய் பொருத்த நேரிடும். பேசிக்கொண்டிருந்தவரை வெண்டிலேட்டரில் வைத்துவிட்டார்களே என்று குடும்பத்தார் கலங்குவதுண்டு. வீக்கம் வடியும்வரை மூச்சுவழி அடைபடாமல் காப்பதே அக்குழாயின் பணி.

செவிலியர் ஏன் மணிக்கொரு முறை சிறுநீரை அளக்கிறார்?

எரிந்த பரப்பைக் கணக்கிட எளிய முறை ஒன்று உண்டு. வயது வந்தவரின் தலையும் கழுத்தும் சேர்த்து உடல் பரப்பில் 9 விழுக்காடு, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, மார்பும் வயிறும் சேர்த்து 18, முதுகுப்புறம் 18. விரல்களுடன் கூடிய நோயாளியின் உள்ளங்கை ஏறத்தாழ 1 விழுக்காடு. குழந்தைகளுக்குத் தலை பெரிதாதலால் கணக்கு மாறும்.

இந்த அளவையும் உடல் எடையையும் கொண்டு, ஏற்ற வேண்டிய நீர்மத்தை மருத்துவர் முடிவு செய்கிறார். உலகெங்கும் பரவலாக வழங்கும் ஒரு கணக்கின்படி, ஒரு கிலோ எடைக்கு, ஒரு விழுக்காடு காயத்துக்கு, 4 மில்லி நீர்மம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 விழுக்காடு காயம் என்றால், முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லி. அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் செல்ல வேண்டும். அந்த 8 மணி நேரம், மருத்துவமனையில் சேர்ந்த நேரத்திலிருந்து அல்லாமல், தீப்பட்ட நேரத்திலிருந்தே எண்ணப்படும். காலை 10 மணிக்குத் தீப்பட்டவர் பிற்பகல் 1 மணிக்கு வந்தால், 4,800 மில்லியைச் செலுத்த எஞ்சியிருப்பது 5 மணி நேரமே. “எத்தனை மணிக்கு விபத்து நடந்தது?” என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதன் காரணம் இதுதான். உடன் வருபவர் அந்த நேரத்தை ஒரு தாளில் குறித்துக் கொண்டு வந்தால் அது பேருதவி.

கணக்கு தொடக்கத்துக்கு மட்டுமே. செலுத்திய நீர்மம் போதுமா, மிகுதியா என்பதைச் சிறுநீரே சொல்லும். வயது வந்தவருக்கு மணிக்கு 30 முதல் 50 மில்லி அளவில் சிறுநீர் வர வேண்டும். ஆகவே குழாய் பொருத்தி, இரவும் பகலும் மணிதோறும் அளந்து எழுதுகிறோம். அக்குழாயையும் பையையும் உறவினர் நகர்த்தவோ காலி செய்யவோ வேண்டாம். தாகத்தால் நோயாளி தண்ணீர் கேட்பார். மனம் பொறுக்காமல் கொடுத்துவிடத் தோன்றும். வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் சென்றுவிடும் ஆபத்து இருப்பதால், செவிலியரைக் கேட்ட பின்னரே ஒரு மடக்கும் கொடுங்கள்.

கிருமியும் புதிய தோலும்

முதல் சில நாள்களைக் கடந்தவருக்கு அடுத்த பகை கிருமி. தோலற்ற உடலில் அது எளிதாக நுழையும். உறவினரையும் ஊராரையும் உள்ளே விடாமல் தடுப்பது அன்பைத் தடுப்பதற்கன்று. உள்ளே செல்பவர் ஒருவராக இருக்கட்டும். சோப்பிட்டுக் கை கழுவி, முகக்கவசம் அணிந்து செல்லுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வெளியிலேயே இருங்கள். கோயில் திருநீறானாலும் காயத்தின்மீது எதையும் இட வேண்டாம்.

ஆழ்ந்த காயம் பரந்திருந்தால் தானாக ஆறாது. இறந்த திசுவை அகற்றி, நோயாளியின் தொடை போன்ற இடத்திலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்ட வேண்டும். தோல் எடுத்த இடம் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஆறிவிடும். எனினும் ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடமே அதிகம் வலிக்கக்கூடும். “எங்கள் தோலை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று பெற்றோரும் பிள்ளைகளும் முன்வருகிறார்கள். பிறர் தோல் சில வாரங்களுக்குக் காயத்தை மூடிக் காக்கும். நிலையாக ஒட்டுவது அவரவர் தோல் மட்டுமே. குடும்பத்தார் தரக்கூடிய மேலான உதவி உணவு.

பத்தியம் வேண்டாம்

முட்டையும் மீனும் கொடுத்தால் புண் சீழ்பிடிக்கும் என்ற எண்ணம் நம் ஊர்களில் இன்றும் உள்ளது. உண்மை அதற்கு நேர்மாறானது. தோலை மீண்டும் கட்ட உடலுக்குப் புரதம் வேண்டும். பெரிய தீக்காயம் பட்டவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கிராம் புரதம் தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம். வெறும் கஞ்சியும் ரொட்டியும் எத்துணை போதாதவை என்பதை இதிலிருந்து உணரலாம். முட்டை, பால், மீன், கோழி, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றைச் சிறுசிறு அளவில் பல வேளையாகக் கொடுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு மட்டும் உணவு நிபுணர் கூறும் அளவைப் பின்பற்றுங்கள்.

இதமான நிலையே கையை மடக்கும்

ஆறும் தோல் சுருங்கும் இயல்புடையது. வலிக்கு இதமாக நோயாளி முழங்கையை மடக்கியும் விரல்களைக் குவித்தும் படுத்திருப்பார். அப்படியே விட்டால் தோல் அந்நிலையிலேயே இறுகி, கை நிமிராமல் நின்றுவிடும். கழுத்தில் காயம் உள்ளவருக்குத் தலையணை வைத்தால், தாடை மார்போடு இழுபட்டுவிடலாம். ஆகவேதான் நாங்கள் தலையணையை எடுத்துவிடுகிறோம். கையைப் பலகையில் நீட்டிக் கட்டுகிறோம். வலிக்கும் என்று அறிந்தே இயன்முறைப் பயிற்சி அளிக்கிறோம். திரி செருகுவதும், குழாய் உருட்டுவதும், தாள் மடிப்பதும் விரல்களின் தொழில். அவ்விரல்கள் மீளுமா என்பதைத் தீர்மானிப்பவை இந்த வாரங்களே. “பாவம், இன்று ஒரு நாள் விட்டுவிடுங்கள்” என்று கேட்பதற்குப் பதிலாக, பயிற்சிக்குச் சற்று முன் வலி மருந்து கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

வீடு திரும்பிய பின்

தழும்பு அடங்க ஓராண்டுக்கு மேலாகும். அதுவரை தடித்துச் சிவந்து அரிக்கும். மருத்துவர் அழுத்த ஆடை எழுதித் தந்திருந்தால், குளிக்கும் நேரம் தவிர நாள் முழுதும் அணிய வேண்டும். ஒரு நாள் அணிந்து மறுநாள் விட்டால் பயன் இராது. முழுவதும் ஆறிய தோலில் தேங்காய் எண்ணெய் தடவி மென்மையாக நீவுவது அரிப்பைத் தணிக்கும். ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பிகள் இரா. பெரும்பரப்பில் தோல் ஒட்டப்பட்டவருக்கு நம் கரிசல் மண்ணின் கோடை வெயில் பெருஞ்சோதனை. நண்பகலில் வெளியே அனுப்பாதீர்கள். பருத்தி ஆடை, போதிய குடிநீர், காற்றோட்டமான அறை ஆகியவை இன்றியமையாதவை.

மனக்காயமும் உண்டு. உறக்கத்தில் அலறுதல், வேலைக்குச் சென்ற பாதையைத் தவிர்த்தல், எங்கோ வெடிக்கும் சரவெடியின் ஓசைக்கு உடல் நடுங்குதல் ஆகியவை கோழைத்தனம் அல்ல. சிகிச்சை உள்ள நோய்நிலைகள். கண்ணாடியை ஒளித்து வைப்பதைவிட, முதன்முறை முகம் பார்க்கும்போது அருகில் இருப்பதே உதவும். மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதைத் தயங்காமல் கூறுங்கள்.

விடுவிப்புச் சுருக்கம், காயச் சான்றிதழ், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். பணியிடத்தில் நேர்ந்த காயத்துக்குச் சட்டப்படி இழப்பீடு கோரக் காலவரையறை உண்டு. காயம் ஆறிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று காலம் தாழ்த்த வேண்டாம்.

இன்னொருவருக்கு நேர்ந்தால்

நம் பகுதியில் விபத்து நேர்ந்தால் மருத்துவருக்கு முன் அங்கே நிற்பவர் நீங்களே. முதல் வெடிப்பைக் கண்டு ஓடி வந்தவர்களும் 2012இல் மாண்டார்கள் என்பதை மறவாதீர்கள். புகை வரும் அறையை நெருங்காமல், வெளியே வந்தவர்களுக்கு உதவுங்கள். 108 எண்ணை அழையுங்கள்.

உடையில் தீ இருந்தால் தரையில் உருளச் செய்து அணையுங்கள். உடலில் உலர்ந்த மருந்துத் தூள் ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிடுங்கள். பின்னர், காயத்தின்மீது குழாய்த் தண்ணீரை 20 நிமிடங்கள் மெதுவாக ஓடவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. பனிக்கட்டி கூடாது. பற்பசை, பேனா மை, மாவு, மஞ்சள், முட்டையின் வெண்கரு எதுவும் கூடாது. அவை காயத்தின் ஆழத்தை மறைத்து, கிருமிக்கும் இடம் தரும். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் சுற்றி வெட்டி விடுங்கள். துவைத்த வேட்டியாலோ சேலையாலோ காயத்தை மூடி, குளிரில் நடுங்காதிருக்க மேலே ஒரு போர்வை போர்த்துங்கள்.

அவர் எழுந்து நடந்தாலும், “ஒன்றுமில்லை” என்று கூறினாலும், மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தீப்பட்ட நேரத்தைக் குறித்துக் கொண்டு வாருங்கள்.