முறிந்த எலும்புக்கு உயிரிப் பீங்கான்

மேலூரை அடுத்த திருவாதவூர் வட்டாரத்தில் தென்னை ஏறுவோர் தவறி விழுந்தால், சில வேளைகளில் எலும்பு நொறுங்கி இடைவெளி விழுந்துவிடும். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே துண்டு எடுத்து அதை நிரப்புவது வழக்கம். இதனால் உடலில் இரண்டாவது புண் உண்டாகிறது. கிடைக்கும் எலும்பும் கொஞ்சமே. இக்குறையைப் போக்க உதவுவது உயிரிப் பீங்கான்.

எலும்பில் உள்ள சத்து

ஈரம் நீங்கிய எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் கலந்த தாதுவாகும். எலும்புத்தூளை மணிச்சத்து உரமாக வயலுக்கு இடுவதும் இதனால்தான். இதே தாதுவைத் தூய்மையாகத் தயாரித்துச் சுட்டால் 'ஹைட்ராக்ஸி அபடைட்' என்னும் பீங்கான் கிடைக்கிறது. உடல் இதனை ஏற்றுக்கொள்கிறது.

வலிமை கூட்டும் வழி

எலும்பில் தாதுவுடன் புரத நாரும் பின்னியிருப்பதால் அது அதிர்ச்சியைத் தாங்கும். பீங்கானில் நார் இல்லை. விரிசல் விட்டால் உடைந்துவிடும். நன்கு பிசைந்து பதமாக வெந்த செங்கல் உறுதியாக இருப்பதுபோல, மிக நுண்ணிய தூளை அழுத்தி, சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுட்டால் பீங்கான் உறுதிப்படும். வெப்பம் மிஞ்சினால் தாது சிதையும். சிர்கோனியா கலந்தால், விரிசல் முனையில் அதன் மணிகள் சற்றே பருத்து விரிசலைத் தடுக்கும்.

ஆனால், இரத்தக் குழாயும் புது எலும்பும் உள்ளே வளர, 0.1 மில்லிமீட்டருக்குக் குறையாத துளைகள் தேவை. துளை மிகுந்தால் வலிமை குறையும். இவ்விரண்டையும் சமன் செய்வதே விஞ்ஞானிகளின் முயற்சி.

ஆட்டில் சோதனை

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தார் சிலிக்கா சேர்ந்த துளைப் பீங்கானை உருவாக்கி, ஆட்டின் தொடை எலும்பில் வைத்துச் சோதித்தனர். 2009-இல் வெளியான முடிவுகளின்படி, பீங்கான் எலும்புடன் இணைந்தது. ஆட்டின் சொந்தச் செல்களையும் சேர்த்து வைத்தபோது பலன் மேலும் கூடியது.

கவனிக்க வேண்டியவை

பாரம் தாங்கும் இடங்களில் பீங்கானை மட்டும் நம்ப இயலாது. உலோகத் தகட்டின் துணை வேண்டும். உரத்துக்கான எலும்புத்தூளையோ சாம்பலையோ புண்ணில் வைக்கலாகாது. விழுந்தவரின் காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். புகை பிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் மறக்கலாகாது.