மாரடைப்பைத் தடுக்க மருத்துவமனை மட்டும் போதுமா?

புது தில்லி: ஆந்திர மாநிலம் சூளூர்பேட்டையில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், உயர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் சென்னைக்கோ திருப்பதிக்கோதான் செல்ல வேண்டும். திருப்பதியில் தேவஸ்தானம் உருவாக்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் உள்ளது. குழந்தைகளுக்கென ஸ்ரீ பத்மாவதி இருதய மையமும் 2021-ல் திறக்கப்பட்டது. ஆனால், நோய் முற்றியவரைக் காப்பாற்றுவது வேறு. நோய் வராமல் தடுப்பது வேறு.

தடுப்புப் பணியில் லாப நோக்கமற்ற அமைப்புகளால் எதைச் சாதிக்க முடியும், எங்கே தடுமாற நேரும் என்பதற்கு அதே மாநிலத்தின் கோதாவரி மாவட்டங்கள் சான்றாக உள்ளன.

45 கிராமங்கள்: பைராஜு அறக்கட்டளை, கேர் அறக்கட்டளை, ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஆய்வு நிறுவனம் ஆகியவை உள்ளிட்ட அமைப்புகள் இணைந்து 2003-04-ல் 45 கிராமங்களில் ஓர் ஆய்வை மேற்கொண்டன. சுமார் 1.80 லட்சம் மக்களிடையே ஓராண்டில் நிகழ்ந்த 1,354 மரணங்களின் காரணத்தை, பயிற்சி பெற்ற பணியாளர்கள் குடும்பத்தினரிடம் விசாரித்துப் பதிவு செய்தனர்.

அவற்றில் 32 சதவீத மரணங்களுக்கு இருதய, ரத்தநாள நோய்களே காரணம். தொற்று நோய்களால் இறந்தவர்கள் 12 சதவீதம் மட்டுமே. மாரடைப்பு நகரத்துச் செல்வந்தர்களின் நோய் என்ற எண்ணத்தை 2006-ல் வெளியான இம்முடிவுகள் தகர்த்தன.

அடுத்த கட்டமாக, மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு ஆபத்தில் உள்ளவர்களை முன்கூட்டியே அடையாளம் காணும் முயற்சி நடந்தது. அடையாளம் காணப்பட்டோர் எண்ணிக்கை கூடியது. ஆனால், மருந்து உட்கொள்வோர் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. நோயைக் கண்டறிந்தால் மட்டும் போதாது; மாத்திரை தடையின்றிக் கிடைக்கவும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

வறண்ட நிதி: பைராஜு அறக்கட்டளை, சத்யம் நிறுவனரின் குடும்பத்தால் 2001-ல் தொடங்கப்பட்டது. 2009 ஜனவரியில் சத்யம் கணக்கு மோசடி அம்பலமானதும் அதன் நிதி ஆதாரம் ஆட்டம் கண்டது, பணிகள் சுருங்கின. அதே குடும்பம் 2005-ல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையோ நிற்கவில்லை. மாநில அரசுகளின் நிதி அதற்கு இருந்தது, நிர்வாகத்தை ஜி.வி.கே. குழுமம் ஏற்றது.

அரசின் கடமை: தொற்றா நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2010-ல் தொடங்கியது. 2017-ல் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன், 'ரிசால்வ் டு சேவ் லைவ்ஸ்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பும் கைகோத்தது. தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது.

வழிகாட்டுவது தன்னார்வ அமைப்புகளின் பணி. அதை நிலைபெறச் செய்வது அரசின் கடமை. சுகாதார மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது, எத்தனை மருத்துவமனைகள் திறக்கப்பட்டன என்று மட்டும் உறுப்பினர்கள் கேட்டால் போதாது. சூளூர்பேட்டை போன்ற சிற்றூர்களில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்த மாத்திரை மாதந்தோறும் தடையின்றிக் கிடைக்கிறது என்றும் அவர்கள் கேட்க வேண்டும்.